படைக்குக் கடிவாளம்: ஜெர்மன் நாடாளுமன்றத்தின் கையில் இருப்பதும் இல்லாததும்

2001 நவம்பர் 16. பெர்லினில் சான்சலர் (பிரதமருக்கு நிகரான ஆட்சித் தலைவர்) கெர்ஹார்ட் ஷ்ரோடரின் அரசு இரண்டே ஓட்டில் தப்பியது. தேவைப்பட்டது 334, கிடைத்தது 336. விவகாரம் வரியும் இல்லை, ஊழலும் இல்லை. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா தொடங்கிய போருக்கு 3,900 வீரர்கள் வரை அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. சொந்தக் கூட்டணியிலேயே, குறிப்பாகப் பசுமைக் கட்சியில், சிலர் முரண்டு பிடித்தார்கள். அதனால் ஷ்ரோடர் தன் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பையும் அந்தத் தீர்மானத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். விளைவு விநோதமாக இருந்தது. படை போகட்டும் என்று நினைத்த எதிர்க்கட்சியினர், ஷ்ரோடருக்கு நம்பிக்கை தெரிவிக்க முடியாது என்று எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். படை போகக் கூடாது என்று நினைத்த பசுமைக் கட்சியினர் எட்டுப் பேர், நாலு பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு என்று பிரிந்துகொண்டார்கள். எதிர்ப்பும் பதிவானது, அரசும் பிழைத்தது.

படையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஓர் அரசு தன் நாற்காலியையே பணயம் வைக்கும் நிலை வேறெங்கும் எளிதில் வராது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானம் இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் வழிகளை ஜனாதிபதிகள் நன்றாகவே கற்றுவைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் இது வெறும் மரபு. 2013 ஆகஸ்டில் சிரியா மீதான நடவடிக்கைத் தீர்மானம் 272க்கு 285 என்று தோற்றதும் டேவிட் கேமரன் ஒதுங்கிக்கொண்டார். 2018 ஏப்ரலில் தெரசா மே நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சிரியா மீது குண்டு வீசுவதில் சேர்ந்துகொண்டார். இந்தியாவில் முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவருடையது, நடைமுறையில் அது அமைச்சரவையின் கையில். 1987இல் அமைதிப்படை இலங்கைக்குப் போனது ஓட்டெடுப்பு நடத்தியல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்களும் ஈழத்தமிழ்ப் பொதுமக்கள் பலரும் இறந்து, 1990 மார்ச்சில் படை திரும்பிய பிறகும், ஏன் போனோம், அங்கே என்ன செய்தோம் என்று ஆராய ஒரு பொது விசாரணை அமைக்கப்படவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் ஜெர்மனியின் ஏற்பாட்டைப் பொறாமையோடு பார்க்கிறோம். பொறாமைப்பட வேண்டியது நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

1949இல் ஜெர்மனியின் அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டம் எழுதப்பட்டபோது மேற்கு ஜெர்மனிக்குப் படையே கிடையாது. ஹிட்லரின் படை கலைக்கப்பட்டு நாலே வருடம் ஆகியிருந்தது. பனிப்போர் முற்றியதும் மேற்கு நாடுகளுக்கு ஜெர்மன் வீரர்கள் தேவைப்பட்டார்கள். 1955இல் பன்டஸ்வேர் என்ற புதிய படை பிறந்தது, அடுத்த ஆண்டே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை எழுதியவர்களுக்குப் பழைய படைகளின் வரலாறு நன்றாகத் தெரியும். மன்னர் காலத்தில் படை மன்னருக்குச் சத்தியம் செய்தது, பிறகு ஹிட்லருக்குச் சத்தியம் செய்தது. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பழக்கம் அதற்கு இருந்ததே இல்லை. அதனால் அமைதிக்காலத்தில் படையின் தலைமை பாதுகாப்பு அமைச்சரிடம் இருக்கும் என்று எழுதினார்கள். குடியரசுத் தலைவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை, ஏனென்றால் நாடாளுமன்றத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்க முடிவது அமைச்சரைத்தான். நாடு தாக்கப்பட்டால் மட்டும் தலைமை சான்சலருக்கு மாறும்.

அப்போது வெளிநாட்டுக்குப் படை அனுப்புவது பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அந்தக் கேள்வி பனிப்போர் முடிந்த பிறகுதான் வந்தது. 1992இல் கம்போடியாவுக்கு மருத்துவக் குழு போனது. 1993இல் சோமாலியாவின் பெலெட் வெய்னேவுக்குத் துருப்புகள் போயின; ஐ.நா. சார்பில் அங்கே வரவிருந்த இந்தியப் படைப்பிரிவு ஒன்றுக்குச் சாப்பாடும் தண்ணீரும் எரிபொருளும் வழங்குவதுதான் அவர்கள் வேலை. அந்த இந்தியப் படைப்பிரிவு அந்த ஊருக்கு வரவேயில்லை. அதே காலத்தில் போஸ்னியா வான்பரப்பைக் கண்காணித்த நேட்டோ ரேடார் விமானங்களிலும் ஜெர்மன் வீரர்கள் இருந்தார்கள். இதெல்லாம் சட்டப்படி சரியா என்று எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி நீதிமன்றம் போனது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெளியுறவு அமைச்சர் பதவியையே கையில் வைத்திருந்த கூட்டணிக் கட்சியான சுதந்திர ஜனநாயகக் கட்சியும் தன் சொந்த அரசின் மேல் வழக்குப் போட்டது.

1994 ஜூலை 12 அன்று கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐ.நா., நேட்டோ போன்ற கூட்டுப் பாதுகாப்பு அமைப்புகளின் கீழ் வெளிநாட்டுக்குப் படை அனுப்பலாம். ஆனால் ஆயுதந்தாங்கிய ஒவ்வொரு நடவடிக்கைக்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், பொதுவாக முன்கூட்டியே வேண்டும். அவசரமென்றால் அரசு முதலில் அனுப்பிவிட்டு உடனே ஒப்புதல் கேட்கலாம். நாடாளுமன்றம் மறுத்தால் படையைத் திருப்பி அழைத்தாக வேண்டும். இந்த விதி அடிப்படைச் சட்டத்தில் எங்கேயும் வரியாக எழுதப்பட்டிருக்கவில்லை. சட்டத்தின் உணர்விலிருந்தும் பழைய வரலாற்றிலிருந்தும் நீதிபதிகள் எடுத்துக் கோத்தது அது. பன்டஸ்வேர் ‘நாடாளுமன்றத்தின் படை’ என்று ஜெர்மானியர் சொல்வது இங்கிருந்துதான் அழுத்தம் பெற்றது.

2005இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அரசு ஒப்புதல் கேட்கும்போது நோக்கம் என்ன, எந்தப் பகுதி, சட்ட அடிப்படை எது, அதிகபட்சம் எத்தனை வீரர்கள், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் அனுமதி. நாடாளுமன்றம் ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும், வாசகத்தைத் திருத்த முடியாது. கொடுத்த ஒப்புதலைப் பாதியில் திரும்பப் பெறும் உரிமையும் அதற்கு உண்டு. தலைக்கணக்கு விஷயத்தில் இந்த முறை கறாரானது. 2001 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு 1,200 பேர் என்று தொடங்கிய வரம்பு 2010இல் 5,350 ஆனது, ஒவ்வொரு உயர்வும் ஓட்டுப் போட்டுத்தான் நடந்தது. அரசு ஏமாற்றப் பார்த்தால் நீதிமன்றமும் விடாது. 2003இல் ஈராக் போரின்போது துருக்கி மேலே பறந்த ரேடார் விமானங்களுக்கு ஷ்ரோடர் அரசு ஒப்புதல் கேட்கவில்லை. அது தவறு என்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. விமானங்கள் தரையிறங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

சரி, இத்தனை கெடுபிடி இருந்தும் ஆப்கானிஸ்தானில் என்ன ஆனது? கிட்டத்தட்ட இருபது வருடம், 1,700 கோடி யூரோவுக்கு மேல் செலவு, 59 ஜெர்மன் வீரர்கள் மரணம். ஆண்டுதோறும் ஓட்டெடுப்பு, ஆண்டுதோறும் பெரும்பான்மை. பத்திரிகைச் சந்தாவைப் புதுப்பிப்பது போல அனுமதி புதுப்பிக்கப்பட்டது. ‘ஜெர்மனியின் பாதுகாப்பு இந்துகுஷ் மலையிலும் காக்கப்படுகிறது’ என்று பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ஷ்ட்ரூக் 2002இல் சொன்ன வாசகம் எல்லா விவாதத்திலும் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் போன வருடம் கொடுத்த அனுமதியால் என்ன நடந்தது, சொன்ன இலக்கில் எதை எட்டினோம் என்று நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கும் சுதந்திரமான மதிப்பீடு எதையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. என் பார்வையில் ஜெர்மன் ஏற்பாட்டின் ஆதாரக் குறை இதுதான்: அனுமதி வாங்குவதற்கு இரும்பு விதி இருக்கிறது, கணக்குக் கொடுப்பதற்கு அப்படி ஒன்று இல்லை. மனதில் இருப்பதைச் சொன்னவருக்கு என்ன ஆனது என்றும் பார்க்கலாம். 2010 மே மாதம் ஆப்கானிஸ்தான் போய்த் திரும்பும் வழியில் கொடுத்த பேட்டியில், வணிகப் பாதைகள் போன்ற நாட்டு நலன்களைக் காக்கவும் படை தேவைப்படலாம் என்று குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர் சொன்னார். அதைச் சுற்றி எழுந்த கூச்சலில் அவர் மாதக் கடைசியில் பதவியையே துறந்தார்.

கணக்குக் கேட்கும் வேகம் நாடாளுமன்றத்துக்கு வந்தது ஒரு பெரிய விபரீதத்துக்குப் பிறகு. 2009 செப்டம்பர் 4, விடியற்காலைக்கு முந்தைய இருட்டு. ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் தாலிபான்கள் கடத்திய இரண்டு எரிபொருள் லாரிகள் ஆற்று மணல்திட்டில் சிக்கிக்கொண்டன. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் கேன்களோடு பெட்ரோல் பிடிக்க வந்து கூடியிருந்தார்கள். ஜெர்மன் முகாமில் இருந்த கர்னல் கேயோர்க் கிளைனுக்கு விமானத்திலிருந்து வந்த படத்தில் கரும்புள்ளிகள்தான் தெரிந்தன. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் கிளர்ச்சியாளர்கள் என்று ஒரே ஒரு உள்ளூர்த் தகவலாளி சொன்னதாக அவருக்குச் செய்தி வந்தது. அமெரிக்க விமானிகள், தாழப் பறந்து கூட்டத்தைக் கலைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார் கர்னல். தன் வீரர்கள் எதிரியோடு நேரடி மோதலில் இருக்கிறார்கள் என்ற சொல்லும் அவர் தரப்பிலிருந்து போனது. அப்படி எந்த மோதலும் நடக்கவில்லை. 500 பவுண்டு குண்டுகள் இரண்டு விழுந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சை. நூறை ஒட்டியும் அதற்கு மேலும் கணக்குகள் உண்டு. பொதுமக்கள் பலர், சிறுவர்கள் உட்பட.

அந்த மாதம் 27ஆம் தேதி ஜெர்மனியில் பொதுத்தேர்தல். பாதுகாப்பு அமைச்சர் ஃபிரான்ஸ் யோசஃப் யுங், இறந்தவர்கள் தாலிபான்கள் மட்டுமே என்று சொல்லிவந்தார். தேர்தல் முடிந்தது, ஏங்கலா மெர்க்கல் மறுபடி சான்சலர் ஆனார், யுங் தொழிலாளர் அமைச்சகத்துக்கு மாறினார், புதிய பாதுகாப்பு அமைச்சராகக் கார்ல் தியோடோர் குட்டன்பெர்க் வந்தார். தாக்குதல் ராணுவ ரீதியில் பொருத்தமானதே என்றார் அவர். நவம்பர் 26 அன்று பில்ட் பத்திரிகை போட்டு உடைத்தது: பொதுமக்கள் இறந்த தகவல் ராணுவப் போலீஸ் அறிக்கையாகத் தொடக்கத்திலேயே படைத்தலைமைக்கு வந்துவிட்டது. அதே நாள் முப்படைத் தலைமை அதிகாரி வோல்ஃப்காங் ஷ்னைடர்ஹானும் பாதுகாப்புச் செயலர் பீட்டர் விச்சர்ட்டும் பதவி இழந்தார்கள். மறுநாள் யுங் விலகினார், புதுப் பதவிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 3 அன்று குட்டன்பெர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, தாக்குதல் பொருத்தமானதல்ல என்று தன் பேச்சைத் திருப்பினார்.

இங்கேதான் ஜெர்மன் சட்டத்தின் ஒரு நல்ல விதி வேலை செய்தது. நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு, தன்னையே விசாரணைக் குழுவாக மாற்றிக்கொள்ளலாம். குழுவின் கால் பங்கு உறுப்பினர்கள் கேட்டாலே போதும், மாற்றியாக வேண்டும். அதாவது ஆளுங்கட்சி நினைத்தாலும் தடுக்க முடியாது. சாட்சிகளைச் சம்மன் அனுப்பி வரவழைக்கலாம், கோப்புகளைக் கேட்டு வாங்கலாம். குந்தூஸ் விவகாரத்தில் அந்தக் குழு இரண்டு வருடம் ஓடியது. மெர்க்கலும் வந்து சாட்சியம் சொன்னார். 2011இல் அறிக்கை வந்தபோது வழக்கமான கட்சிக் கோடு விழுந்தது: ஆளுங்கட்சியினர் அமைச்சரைக் காப்பாற்றினார்கள், எதிர்க்கட்சிகள் மாற்றுக் கருத்தைத் தனியாக எழுதி இணைத்தன. (குட்டன்பெர்க் அதற்குள் போய்விட்டிருந்தார். ஆற்று மணலில் விழுந்த குண்டுகளைத் தாண்டி வந்தவரை 2011 மார்ச்சில் வீழ்த்தியது, முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் காப்பியடித்த பக்கங்கள்.)

அந்த இரண்டு வருட விசாரணையில் பெரும்பகுதி எதைப் பற்றியது என்று கவனியுங்கள். பெர்லினில் யாருக்கு எந்த அறிக்கை எப்போது வந்தது, யார் யாரிடம் மறைத்தார்கள் என்பதே முக்கியச் சண்டை. அது தேவையான கேள்விதான். அமைச்சர் நாடாளுமன்றத்திடம் உண்மை பேசாவிட்டால் மிச்சமெல்லாம் வீண். ஆனால் ஆற்றங்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அந்த விசாரணையில் ஒரு தரப்பே இல்லை. கர்னல் மீதான குற்ற விசாரணையை 2010 ஏப்ரலில் அரசுத் தலைமை வழக்கறிஞர் மூடினார். 2013இல் கிளைன் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 5,000 டாலர் கொடுக்கப்பட்டது, சட்டப்படியான பொறுப்பு எதையும் ஏற்காமல், உதவித் தொகையாக. நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2016இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் நடக்கும் ராணுவ நடவடிக்கைக்கு அரசின் நட்டஈட்டுச் சட்டம் பொருந்தாது என்றது. இரண்டு மகன்களை இழந்த ஒரு தந்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். ஜெர்மனி நடத்திய விசாரணை போதுமானதே என்று 2021 பிப்ரவரியில் அங்கேயும் தீர்ப்பானது. பொறுப்புக்கூறல் என்று நாம் சொல்வது ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதாகவே இருக்கிறது. குண்டு விழுந்த ஊர்க்காரருக்கு பெர்லினில் ஓட்டு இல்லை.

படைவீரருக்கு ஓட்டு உண்டு, அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஜெர்மன் ஏற்பாட்டிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்: நாடாளுமன்றத்தின் படைவீரர் ஆணையர். ஸ்வீடனில் 1915 முதல் இருந்த முறையைப் பார்த்து 1956 திருத்தத்தில் சேர்த்தது. எந்தச் சிப்பாயும் மேலதிகாரி எவரையும் கேட்காமல் ஆணையருக்கு நேரே கடிதம் எழுதலாம். எழுதியதற்காகத் தண்டிக்கக் கூடாது. மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கேட்டுக்கொண்டால் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். ஆணையர் எம்.பி.யும் இல்லை, ராணுவ அதிகாரியும் இல்லை. நாடாளுமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் ஐந்து வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறது. எந்த முகாமுக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் நுழையலாம், அமைச்சகத்தின் கோப்பைக் கேட்கலாம். உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் இல்லை.

உத்தரவு போட முடியாத பதவிக்கு என்ன மரியாதை என்று கேட்கலாம். முதல் பத்து வருடத்தில் இதே சந்தேகம்தான் அங்கேயும் இருந்தது. 1963இல் நாகோல்டு என்ற ஊரில், கடும் வெயிலில் நடக்கவைக்கப்பட்ட ஒரு புதுச் சிப்பாய் சுருண்டு விழுந்து இறந்தார்; பயிற்சி என்ற பெயரில் நடந்த கொடுமைகள் வெளியே வந்தன. அடுத்த வருடம், ஆணையராக இருந்த முன்னாள் கடற்படை அதிகாரி ஹெல்முட் ஹையே, படை பழைய புத்திக்குத் திரும்புகிறது என்ற கவலையை நாடாளுமன்றத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றதும் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராகவே எழுதிவிட்டார். பெரும் ரகளை ஆகி அந்த ஆண்டிலேயே அவர் விலக நேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஆணையரின் ஆண்டறிக்கையைப் படிக்காமல் ஒதுக்குவது அமைச்சர்களுக்குச் சிரமமாகிவிட்டது.

அந்த அறிக்கைகளில் பெரிய தத்துவம் எதுவும் இருக்காது. முகாமில் ஒழுகும் குளியலறை, அளவில்லாத கவச உடுப்பு, பறக்க முடியாமல் நிற்கும் ஹெலிகாப்டர், தீவிர வலதுசாரிச் சிப்பாய்கள், பாலியல் தொல்லைப் புகார்கள், வெளிநாட்டுப் பணி முடிந்து மனம் உடைந்து வந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்று வரிசையாக வரும். அமைச்சகம் எல்லாம் சரி என்று சொல்லும்போது, இல்லை என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம். உக்ரைன் போர் தொடங்கி ஒரு வருடம் ஆன பிறகு, 2023இல், ஆணையர் ஏவா ஹோகல் வெளியிட்ட அறிக்கை, படையிடம் எல்லாமே குறைவு, போர் தொடங்கியதிலிருந்து இன்னும் குறைந்திருக்கிறது என்று நேராகவே சொன்னது. 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி அறிவித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அரசின் கூட்டணிக் கட்சிக்காரர்தான் அவரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டரைக் கோடி யூரோவுக்கு மேற்பட்ட ஆயுதக் கொள்முதல் ஒவ்வொன்றும் நாடாளுமன்றத்தின் நிதிக் குழு முன்னால் வர வேண்டும். நல்ல விதிதான், ஆனால் அனுமதி கொடுத்தபின் மறந்துவிடும் பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. ஐரோப்பிய வான்பரப்பில் பறக்க உரிமம் கிடைக்காது என்று தெரியவந்த யூரோ ஹாக் உளவு ட்ரோனுக்கு 50 கோடி யூரோவுக்கு மேல் கொட்டிய பிறகு, 2013இல்தான் அதைக் கைவிட்டார்கள். வெளி ஆலோசகர்களுக்கு விதி மீறி ஒப்பந்தம் கொடுத்த விவகாரத்தைப் பாதுகாப்புக் குழு விசாரித்தபோது, முன்னாள் அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லெயனின் அலுவலகக் கைபேசித் தரவுகள் அழிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவர் அப்போது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராகப் பிரஸ்ஸல்ஸ் போய்விட்டிருந்தார்.

ஆப்கானிஸ்தானுக்கு முழுக் கணக்குப் பார்க்கும் முயற்சி, 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்களிடம் விழுந்த பிறகுதான் தொடங்கியது. காபூலிலிருந்து ஆட்களை விமானத்தில் மீட்ட பணிக்கும் ஒப்புதல் ஓட்டெடுப்பு நடந்தது, விமானங்கள் ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்தபோது. 2022இல் நாடாளுமன்றம் இரண்டு குழுக்களை அமைத்தது. ஒன்று கடைசி மாதங்களின் குளறுபடியை, குறிப்பாக ஜெர்மானியரிடம் வேலை பார்த்த உள்ளூர் ஊழியர்கள் கைவிடப்பட்டதை விசாரித்தது. இன்னொன்று எம்.பி.க்களும் நிபுணர்களும் சேர்ந்து இருபது வருடத்தையும் புரட்டிப் பார்த்தது. உத்தி அளவில் தோற்றோம் என்று அதன் 2024 பிப்ரவரி இடைக்கால அறிக்கை ஒப்புக்கொண்டது. தன் முடிவுகளைத் தானே இவ்வளவு வெளிப்படையாகப் பிரித்துப் பார்த்த நாடாளுமன்றங்கள் குறைவு, அந்தப் பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வேலையை 2006இலோ 2010இலோ செய்திருந்தால் அதற்கு ஒரு பயன் இருந்திருக்கும்.

இப்போது களம் மாறிவிட்டது. தொலைதூர நாடுகளுக்குப் போகும் காலம் சுருங்குகிறது; மாலியிலிருந்து 2023 டிசம்பரோடு படை திரும்பிவிட்டது. ஜெர்மனியின் இன்றைய பெரிய வெளிநாட்டு ஏற்பாடு லித்துவேனியாவில் உருவாகிவரும் 45ஆவது கவசப் படைப்பிரிவு. 2027க்குள் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது திட்டம், ஆப்கானிஸ்தானில் உச்சத்தில் இருந்த அளவுக்குப் பக்கத்தில். இதற்கு 1994 தீர்ப்பின்படியான ஓட்டெடுப்பு தேவையில்லை. நேட்டோ நட்பு நாட்டின் மண்ணில் தங்கியிருப்பது ஆயுத நடவடிக்கை ஆகாது என்பது சட்ட விளக்கம். விளக்கத்தில் தவறு இல்லை. ஆனால் ரஷ்யாவின் கலினின்கிராடுக்கும் பெலாரஸுக்கும் நடுவே நிற்கப்போகும் அந்தப் படைக்கு ஒரு நாள் சண்டை வந்தால், ஒப்புதல் கேட்கும் நேரத்தில் கேட்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. அதுவரை நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது ஆண்டு வரவுசெலவுத் திட்டமும், பாதுகாப்புக் குழுவின் மூடிய கதவுக் கூட்டங்களும், லித்துவேனியக் குடியிருப்பில் பள்ளிக்கூடம் இல்லை, வீடு இல்லை என்று படைவீரர் ஆணையருக்கு வரக்கூடிய கடிதங்களும்தான்.